சர்வரோக நிவாரணி முதல் இரும்புக் கலப்பை வரை: வெள்ளைக்காரர் காலத்துப் பேப்பர் விளம்பரங்கள் என்ன விற்றன, எப்படி விற்றன?

ராத்திரி பதினொரு மணி. ரீல்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு காமெடி வீடியோவுக்கு நடுவில் ஒருவர் பாட்டிலோடு வருகிறார். சர்க்கரை, மூட்டுவலி, முடி உதிர்வு மூன்றுக்கும் ஒரே மருந்து. பக்கவிளைவு இல்லை. இயற்கையானது. கேஷ் ஆன் டெலிவரி உண்டு. கீழே கமென்ட்டில் நாலு பேர், ‘ஒரே வாரத்துல குணமாச்சு ப்ரோ’ என்று சத்தியம் செய்கிறார்கள்.

இந்த ஃபார்முலா இன்ஸ்டாகிராமில் பிறந்தது என்று நினைத்தால், பழைய பேப்பர் கட்டு எதையாவது ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். ஒரே மருந்தில் பத்து நோய், குணமானவர்களின் ‘நற்சாட்சிப் பத்திரம்’, பொருள் கைக்கு வந்த பிறகு பணம், ‘போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்’ என்ற எச்சரிக்கை... எல்லாமே நூறு வருடத்துக்கு முன்பே அச்சில் ஏறிவிட்டன.

அந்த விளம்பரங்களில் என்ன விற்றார்கள், யார் வாங்கினார்கள், அந்தக் காசு எங்கே போனது, யார் தடுத்தார்கள்? பார்ப்போம்.

பேப்பரின் பெயரிலேயே விளம்பரம்

இந்தியாவில் அச்சான முதல் செய்தித்தாள், 1780 ஜனவரியில் கல்கத்தாவில் ஹிக்கி தொடங்கிய ‘பெங்கால் கெஜட்’. அதன் முழுப் பெயரிலேயே ‘கல்கத்தா ஜெனரல் அட்வர்டைசர்’ என்ற சொற்களும் உண்டு. செய்தியும் விளம்பரமும் இங்கே ஒரே தொட்டிலில் பிறந்த குழந்தைகள். சென்னையின் முதல் செய்தித்தாளான ‘மெட்ராஸ் கூரியர்’ 1785-ல் வந்தது.

இன்று முதல் பக்கத்தை முழுசாக விளம்பரத்துக்குக் கொடுத்தால், ‘பேப்பரா இது, நோட்டீஸா?’ என்று திட்டுகிறோம். அன்று அதுதான் வழக்கம். 1878-ல் வார இதழாகத் தொடங்கி 1889-ல் நாளிதழான ‘தி இந்து’, 1958 வரை முதல் பக்கத்தில் விளம்பரம்தான் போட்டது. லண்டன் ‘டைம்ஸ்’ அந்தப் பழக்கத்தை விட்டது 1966-ல். செய்தி வேண்டுமென்றால் உள்ளே புரட்ட வேண்டும். அதாவது, அந்தக் கால வாசகர் கண்ணில் முதலில் பட்டது வைஸ்ராயின் பேச்சு அல்ல. மாத்திரை, சோப்பு, கடிகாரம்.

‘ஒரு பெட்டி, ஒரு கினி பெறும்’

முதலில் வந்து இறங்கியவை இங்கிலாந்துச் சரக்குகள். லண்டனில் 1837-ல் களிம்பும் மாத்திரையும் விற்கத் தொடங்கிய தாமஸ் ஹாலோவே, இந்தியா, சீனா என்று உலகம் முழுக்க உள்ளூர் மொழிகளில் விளம்பரம் கொடுத்தவர். 1883-ல் அவர் இறந்த காலத்தில், விளம்பரத்துக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 50,000 பவுண்டு செலவழித்துக்கொண்டிருந்தார். அவர் சம்பாதித்த பணத்தில் கட்டிய பெண்கள் கல்லூரி இன்று ராயல் ஹாலோவே என்ற பெயரில் லண்டன் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம்.

அடுத்தது பீச்சம் மாத்திரை. அஜீரணம், தலைவலி, பித்தம் என்று நீளும் பட்டியல். ‘ஒரு பெட்டி, ஒரு கினி பெறும்’ என்பது அதன் கோஷம். ஒரு கினி என்றால் 21 ஷில்லிங். உண்மையில் உள்ளே என்ன இருந்தது? 1909-ல் பிரிட்டிஷ் மருத்துவர் சங்கம், இப்படிப்பட்ட ‘ரகசிய மருந்து’களை ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்து ஒரு புத்தகமே போட்டது. பீச்சம் மாத்திரையில் கிடைத்தவை கற்றாழைச் சாறு, இஞ்சி, சோப்பு. அவ்வளவுதான்.

விலைக் கணக்கு இன்னும் சுவாரசியம். 56 மாத்திரை கொண்ட பெட்டி ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னிக்கு விற்றது. உள்ளே இருந்த சரக்கின் விலை அரை ஃபார்திங் என்று அந்தப் புத்தகம் கணக்கிட்டது. ஒரு பென்னிக்கு நாலு ஃபார்திங். கணக்குப் போட்டால், அடக்கத்தைப் போல 108 மடங்கு விலை! மீதிப் பணத்தில் பெரிய பங்கு எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. விளம்பரத்துக்குத்தான்.

‘வெளுத்துப்போனவர்களுக்கு பிங்க் மாத்திரை’ என்று விற்ற டாக்டர் வில்லியம்ஸ் மாத்திரை இன்னொரு ரகம். கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபுல்ஃபோர்டு 1890-ல் இதன் உரிமையை வெறும் 53 டாலருக்கு வாங்கி, உலகப் பிராண்டாக ஆக்கினார். உள்ளே இருந்தது முக்கியமாக இரும்புச் சத்து. இதன் விளம்பரங்கள் விளம்பரம் போலவே இருக்காது. படுத்த படுக்கையாக இருந்த ஒருவரின் கதை செய்தி மாதிரியே தொடங்கும். கடைசிப் பத்தியில்தான் மாத்திரையின் பெயர் எட்டிப்பார்க்கும். இன்று ‘ஸ்பான்சர்டு கன்டென்ட்’ என்கிறோமே, அதன் கொள்ளுத்தாத்தா இது.

சோப்பும் இஞ்சியும் பரவாயில்லை. பர்ஸுக்குத்தான் நஷ்டம். உயிருக்கே ஆபத்தானவையும் அதே பக்கங்களில் இருந்தன. இந்தியாவில் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவராக இருந்த ஜான் காலிஸ் பிரவுன், காலராவுக்கென்று உருவாக்கிய ‘குளோரோடைன்’ இதில் பிரபலம். அதில் இருந்தவை அபின் கரைசல், கஞ்சாச் சாறு, குளோரோஃபார்ம். வயிற்றுப்போக்கும் இருமலும் நிற்கும்தான். ஆனால், பழகிவிட்டால் விட முடியாது. அளவு கூடினால் உயிர் போகும். இது கடையில் சாதாரணமாகக் கிடைத்தது.

நம்ம ஊர் மருந்து, அதே டெக்னிக்

‘வெள்ளைக்காரன் மட்டும்தான் சம்பாதிப்பானா?’ என்று இந்திய வைத்தியர்களும் களத்தில் குதித்தார்கள். கத்தியவார் ஜாம்நகரிலிருந்து மணிசங்கர் கோவிந்தஜியின் ‘ஆதங்க நிக்ரஹ’ மாத்திரை, லாகூரிலிருந்து தாகூர் தத்த சர்மாவின் ‘அமிர்ததாரா’ என்று, எங்கோ ஒரு ஊரில் தயாரான மருந்து விளம்பரத்தின் தோளில் ஏறி நாடு முழுக்கப் போனது. தாது புஷ்டி, பலவீனம், ஞாபக மறதி, மாதவிடாய்க் கோளாறு... டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் விஷயங்கள்தான் இந்த விளம்பரங்களின் பெரிய முதலீடு. நேரில் போக வேண்டாம், கடிதம் போட்டால் போதும். யாருக்கும் தெரியாது.

எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. தலைவலித் தைலம் ‘அமிர்தாஞ்சன்’ கதையைப் பாருங்கள். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-ல் பம்பாயில் தொடங்கினார். சங்கீதக் கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்துப் பிரபலப்படுத்தினார். இன்றைய மொழியில் ‘ஃப்ரீ சாம்பிள்’. தைலத்தில் வந்த லாபத்தை வைத்து 1908-ல் ‘ஆந்திர பத்திரிகா’ தொடங்கினார். 1914-ல் அது சென்னைக்கு வந்து நாளிதழானது. பத்திரிகை நடத்தியவர்கள் மருந்து விளம்பரத்துக்காகக் காத்திருந்த காலத்தில், இவர் மருந்து விற்றுப் பத்திரிகை நடத்தினார். மயிலாப்பூர் லஸ்ஸில் வாக்கிங் போகிறவர்களுக்குத் தெரிந்த நாகேஸ்வர ராவ் பூங்கா அவர் பெயரில்தான் இருக்கிறது.

பெண்களுக்கான ‘லோத்ரா’ மருந்தை விற்ற சென்னை கேசரி குடீரத்தின் கே.என்.கேசரியும் அதே வழியில் 1928-ல் ‘கிருஹலக்ஷ்மி’ என்ற தெலுங்குப் பெண்கள் பத்திரிகையைத் தொடங்கினார்.

தமிழில் இதைவிடப் பெரிய கதை தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதருடையது. பள்ளி ஆசிரியராக இருந்து முழுநேரச் சித்த வைத்தியராக மாறியவர். அவருடைய ‘கருணானந்தர் சஞ்சீவி’ மருந்துகள் பர்மா, இலங்கை என்று கடல் கடந்து போயின. அந்த வருமானத்தில் தஞ்சைக்கு வெளியே ஒரு பண்ணை அமைத்துப் புதுப் பயிர்களை வளர்த்துப் பார்த்தார். ஊர் அதைப் ‘பண்டிதர் தோட்டம்’ என்றது. 1912 முதல் இசை மாநாடுகளைச் சொந்தச் செலவில் நடத்தினார். 1917-ல் தமிழிசை ஆய்வின் மைல்கல்லான ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. யாரோ ரங்கூனில் வாங்கிய மாத்திரைக்கும் தமிழிசை வரலாற்றுக்கும் இப்படி ஒரு தொடர்பு!

அந்தக் காலத்து ‘கேஷ் ஆன் டெலிவரி’

ஒரு சந்தேகம் வரலாம். 1901 கணக்கெடுப்புப்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 5 பேர்தான். பேப்பரில் விளம்பரம் போட்டு யாரிடம் விற்றார்கள்?

விடை தபால் ஆபீஸில் இருக்கிறது. 1877-ல் ‘வி.பி.பி.’ முறை வந்தது. தபால்காரர் பார்சலைக் கொண்டுவருவார், பணத்தைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். 1879-ல் காலணாவுக்கு அஞ்சலட்டை வந்தது. 1880-ல் தபால் ஆபீஸே மணியார்டர் வேலையை எடுத்துக்கொண்டது. இந்த மூன்றும் சேர்ந்ததும் கடைத்தெருவே இல்லாத ஊரும் சந்தைக்குள் வந்துவிட்டது. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு நாலு காலணா. ஆக, ஆர்டர் போட ஆகும் செலவு ரூபாயில் 64-ல் ஒரு பங்கு.

ஊரில் பேப்பர் வாங்குகிறவர் ஒருவர். அதைக் கேட்கிறவர்கள் பத்துப் பேர். கணக்குப்பிள்ளையோ வாத்தியாரோ திண்ணையில் உரக்கப் படிக்க, படிக்கத் தெரியாதவர்களுக்கும் விஷயம் போய்ச் சேரும். கேட்லாக் இனாம், தபால் செலவு வேறு, ஏஜெண்டுகள் தேவை என்ற வரிகள் எல்லாம் அந்தத் திண்ணைக்கும் சேர்த்துத்தான்.

வி.பி.பி.யில் ஒரு சிக்கல் உண்டு. பணம் கொடுத்த பிறகுதான் பார்சலைப் பிரிக்க முடியும். உள்ளே இருப்பது கேட்ட பொருள்தானா என்பது அப்போதுதான் தெரியும். ஆன்லைனில் போன் ஆர்டர் செய்து செங்கல் வந்த கதை நினைவுக்கு வருகிறதா? அதேதான்.

இரும்புக் கலப்பை நிலத்தைக் கெடுக்குமா?

மருந்துக்குப் பயம் போதும். விவசாயிக்கு எதையாவது விற்க வேண்டுமென்றால் நம்பிக்கை வேண்டும். அதனால் விவசாயப் பொருள் விளம்பரங்களின் பாணியே வேறு.

பெல்காமில் 1888-ல் சைக்கிள் கடை வைத்த லட்சுமண்ராவ் கிர்லோஸ்கர், தட்டை வெட்டும் இயந்திரத்தை அடுத்து 1903-ல் இரும்புக் கலப்பை செய்தார். விவசாயிகள் தொடவே இல்லை. இரும்பு பட்டால் மண் விஷமாகிவிடும் என்ற பயம். முதல் ஆறு கலப்பை விற்கவே இரண்டு வருடம் ஆனதாகச் சொல்வார்கள். பின்னாளில் அந்தக் குடும்பம் பத்திரிகையே தொடங்கியது. 1920-ல் வந்த ‘கிர்லோஸ்கர் கபர்’ என்ற மராத்தி இதழ், தொழிற்சாலைச் செய்தியோடு தொடங்கி, பிறகு பெரிய வாசிப்பு இதழாக வளர்ந்தது. இன்று கம்பெனிகள் யூடியூப் சேனல் நடத்துவது போல!

வடக்கே பிஹாரில் 1870-களில் தாம்சன் - மில்னே செய்த இரும்புக் கரும்பு ஆலை, மர ஆலைகளுக்குப் பதிலாகப் பரவியது. பூனாவில் 1884-ல் தொடங்கிய போச்சா விதைக் கடை, இங்கிலாந்தின் சட்டன் விதை நிறுவனம் போன்றவை கேட்லாக் அனுப்பி விதை விற்றன.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு தொடக்கம் உண்டு. 1788 முதல் சென்னையில் வியாபாரம் செய்துவந்த பாரி கம்பெனி, 1906-ல் ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் உரம் தயாரிக்கத் தொடங்கியது. அதே காலத்தில்தான் சைதாப்பேட்டையில் இருந்த விவசாயப் படிப்பு கோயம்புத்தூருக்கு இடம் மாறியது. எருவும் தழையும் போட்டுப் பழகிய சம்சாரிக்கு, மூட்டையில் வரும் பொடியைக் காசு கொடுத்து வாங்கச் சொல்வது சின்ன விஷயமா? விளைச்சல் எவ்வளவு கூடும் என்று எண்களில் பேச வேண்டியிருந்தது. அதிலும் ஒரு ஆபத்து. மாத்திரை வேலை செய்யாவிட்டால் ஒரு ரூபாய் போச்சு. விதை முளைக்காவிட்டால் ஒரு போகமே போச்சு. அது கடனில் முடியும்.

1930-களில் பைகாரா மின்சாரம் கோவைக்கு வந்ததும் கவலை ஏற்றத்தின் இடத்தை பம்புசெட் பிடிக்கத் தொடங்கியது. கோவை பம்புகளின் கதை அங்கிருந்துதான் வேகம் எடுக்கிறது.

கடவுளே வந்து விற்ற சோப்பு

1888-ல் கல்கத்தா துறைமுகத்தில் சன்லைட் சோப்புப் பெட்டிகள் இறங்கின. மேலே ‘லீவர் பிரதர்ஸ், இங்கிலாந்தில் செய்தது’ என்ற முத்திரை. சீயக்காயும் உவர்மண்ணும் இருந்த வீட்டில் சோப்புக்கு இடம் பிடிப்பது எப்படி?

கம்பெனிகள் பூஜையறைக்குள் போயின. 1928-ல் உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் வெளியிட்ட காலண்டரில் குழந்தைக் கண்ணன். வரைந்தவர் பம்பாய் ஓவியர் எம்.வி.துரந்தர். 1934 சன்லைட் காலண்டரில் வானத்திலிருந்து ஒளியைக் கொண்டுவருபவர் சாட்சாத் விஷ்ணு. பேப்பர் மறுநாள் பொட்டலம் மடிக்கப் போகும். காலண்டர் வருடம் முழுக்கச் சுவரில் தொங்கும். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். சாமி படம் என்பதால் தேதி முடிந்தாலும் கிழித்துப் போட மனசு வராது.

சுதேசி இயக்கம் வந்ததும் கோஷம் மாறியது. 1916-ல் மைசூர் அரசின் சோப்புத் தொழிற்சாலை. அடுத்த சில ஆண்டுகளில் விலங்குக் கொழுப்பு இல்லாத கோத்ரெஜ் சோப்பு. அதற்கு விளம்பர முகம் யார் தெரியுமா? ரவீந்திரநாத் தாகூர்! 1941-ல் நடிகை லீலா சிட்னிஸ் லக்ஸ் விளம்பரத்தில் வந்தபோது சினிமாவும் சோப்பும் கைகோத்தன. அந்தக் கூட்டணி இன்னும் கலையவில்லை.

மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் இதற்கெல்லாம் முன்பே ஊர் ஊராகப் போய்விட்டிருந்தன. எவ்வளவு தூரம் என்றால், தன் நூல்களை அச்சிட 1920-ல் ஆதரவு திரட்டிய பாரதியார், அவை மண்ணெண்ணெய், தீப்பெட்டியைப் போல எளிதாக விற்றுப்போகும் என்று நம்பிக்கையாக எழுதினார். அந்தத் திட்டம் அவர் காலத்தில் நிறைவேறவில்லை. 1921-ல் அவர் இறந்தார். தீப்பெட்டி விற்றது.

தெரிந்தே போட்டார்களா?

இங்கேதான் விஷயம் சீரியஸாகிறது. பத்திரிகை நடத்தியவர்கள் பலர் தேசத் தொண்டர்கள், சீர்திருத்தவாதிகள். அவர்கள் ஏன் இந்த மருந்து விளம்பரங்களை வாங்கினார்கள்?

காரணம், காசு. சந்தாதாரர்கள் குறைவு. சந்தாவும் ஒழுங்காக வராது. 1910 பத்திரிகைச் சட்டம் வந்த பிறகு, அரசு நினைத்தால் ஜாமீன் தொகை கேட்கலாம், பறிமுதல் செய்யலாம். வெள்ளைக்காரரை எதிர்த்துத் தலையங்கம் எழுத வேண்டுமென்றால் அச்சகம் ஓட வேண்டும். அதற்குக் கைகொடுத்தது, பின் பக்கத்தில் வந்த லேகியமும் மாத்திரையும்.

இந்த வட்டத்திலிருந்து வெளியேறியவர் காந்தி. தென்னாப்பிரிக்காவில் ‘இந்தியன் ஒப்பீனியன்’ நடத்தியபோதே ஒரு கட்டத்தில் விளம்பரத்தை நிறுத்தினார். பிறகு ‘யங் இந்தியா’, ‘நவஜீவன்’ இரண்டிலும் விளம்பரமே கிடையாது. ஆனால், காந்தியின் பத்திரிகைக்குச் சந்தா கட்ட நாடே தயாராக இருந்தது. சின்ன ஊரில் வாரப் பத்திரிகை நடத்தியவருக்கு அந்த வசதி இல்லை.

சட்டம் என்ன செய்தது? மெதுவாக நடந்தது. இங்கிலாந்தில் ரகசிய மருந்துகளை விசாரித்த நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை வெளியான நாள் 1914 ஆகஸ்ட் 4. அன்றுதான் பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கியது. அறிக்கையை யார் பார்ப்பார்கள்? இந்தியாவில் ஆர்.என்.சோப்ரா தலைமையிலான மருந்து விசாரணைக் குழு 1930-ல் அமைந்தது. அதன் அறிக்கை 1931-ல் வந்தது. மருந்துச் சட்டம் 1940-ல்தான் வந்தது. விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் தனிச் சட்டம் 1954-ல், அதாவது சுதந்திரம் கிடைத்து ஏழு வருடம் கழித்து.

1954 சட்டம் என்ன சொல்கிறது?

‘மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம்’ என்பது அதன் பெயர். சர்க்கரை நோய், புற்றுநோய், குருட்டுத்தன்மை, உடல் பருமன், உயரம் கூட்டுவது என 54 விஷயங்களைப் பட்டியல் போட்டு, ‘இவற்றைக் குணப்படுத்தும்’ என்று விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. தாயத்து, மந்திரமும் இதில் அடக்கம். முதல் முறை சிக்கினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் ஒரு வருடம் வரை.

அந்தப் பட்டியலைப் படித்தால் பழைய பேப்பரின் விளம்பரப் பக்கத்தைப் படிப்பது போலவே இருக்கும். சட்டம் எழுதியவர்கள் அந்தப் பக்கங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே.

ஆனாலும் முடியவில்லை. இந்திய மருத்துவ சங்கம் தொடர்ந்த வழக்கில், தவறான விளம்பரங்களுக்காக பதஞ்சலி நிறுவனம் 2024 ஏப்ரலில் 67 செய்தித்தாள்களில் மன்னிப்பு அச்சிட்டது. அப்போது உச்ச நீதிமன்றம் ஒரு கேள்வி கேட்டது: விளம்பரம் போட்ட அதே அளவில்தான் மன்னிப்பும் வந்திருக்கிறதா? அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் மன்னிப்பை ஏற்று, அவமதிப்பு வழக்கை நீதிமன்றம் முடித்துக்கொண்டது. அந்தக் கேள்வி மட்டும் நூறு வருட விளம்பரப் பக்கங்களுக்கும் சேர்த்துக் கேட்டது போல நிற்கிறது. பெரிய எழுத்தில் சொன்ன பொய்யைச் சின்ன எழுத்தில் திருத்தினால் யார் படிப்பார்கள்?

சரி, இப்போ என்ன செய்யலாம்?

பழைய விளம்பரங்களைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். அவற்றை நம்பி வாங்கியவர்கள் முட்டாள்கள் கிடையாது. பக்கத்தில் டாக்டர் இல்லை, இருந்தாலும் காசு இல்லை, நோயை வெளியே சொல்ல வெட்கம். அந்த மூன்றும் இன்றும் பல வீடுகளில் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் மூலிகைப் பொடி ஆர்டர் செய்யும் அப்பாவிடம் ‘ஏமாறாதீங்கப்பா’ என்று கத்துவதற்கு முன், அவருக்கு என்ன செய்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

அதன் பிறகு சேர்ந்து பார்க்க வேண்டியவை நான்கே நான்கு. ஒரே மருந்து பல நோய்க்கு என்கிறதா? உள்ளே என்ன இருக்கிறது என்று லேபிளில் இருக்கிறதா? குணமானவர்களின் கதையைத் தவிர வேறு ஆதாரம் இருக்கிறதா? அந்த நோய் 54 பட்டியலில் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால், மருந்து எப்படியோ, அந்த விளம்பரமே சட்டத்தை மீறியது.